நாற்காலி கொடுத்தார்கள், நியாயம் கொடுத்தார்களா?

அமெரிக்க நாட்டிலே ஒரு சட்டத்துக்கு 2025 நவம்பர் 29-ஆம் தேதியோடு ஐம்பது ஆண்டு நிறைந்தது. 1975-ல் ஜனாதிபதி ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் அது. கண் தெரியாத குழந்தையோ, காது கேளாத குழந்தையோ, அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தையோ, எவரையும் பள்ளிக்கூடம் வாசலோடு திருப்பி அனுப்பக்கூடாது என்கிறது சட்டம். கல்வி இலவசமாக இருக்கவேண்டும், அந்தக் குழந்தைக்குத் தக்கதாகவும் இருக்கவேண்டும் என்கிறது.

நல்ல சட்டந்தான். அப்படியிருந்தும், அதன் பலனைக் கேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போகும் தாய் தகப்பன்மாரில் பலர் கனத்த நெஞ்சோடு திரும்பி வருகிறார்களே, ஏன்? சட்டம் பொல்லாததா? ஆசிரியர்கள் கல்நெஞ்சர்களா? இரண்டும் இல்லை. கோளாறு வேறு இடத்திலே இருக்கிறது.

சட்டப்படி, இத்தகைய குழந்தை ஒவ்வொன்றுக்கும் ‘தனிக் கல்வித் திட்டம்’ ஒன்று எழுதப்படவேண்டும். குழந்தைக்கு என்ன கற்றுக்கொடுப்பது, பேச்சுப் பயிற்சி வாரத்துக்கு எத்தனை மணி நேரம், துணைக்கு ஆள் வேண்டுமா என்பதெல்லாம் அதிலே இருக்கும். ஆண்டுக்கு ஒரு முறையாவது கூட்டம் போட்டு அதைத் திருத்தவேண்டும். கூட்டத்திலே வகுப்பு ஆசிரியர், சிறப்புக் கல்வி ஆசிரியர், பரிசோதனை முடிவை விளக்கிச் சொல்லக் கூடியவர், நிர்வாகத்தின் பிரதிநிதி ஆகியோர் இருப்பார்கள். பெற்றோரும் அந்தக் குழுவின் அங்கத்தினர்களே. 2022-23-ல் இந்தச் சட்டத்தின்கீழ் வந்த பிள்ளைகள் 75 லட்சம். பள்ளிப் பிள்ளைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர்.

ஏட்டிலே சமத்துவம் இருக்கிறது. மேசையிலே இருக்கிறதா?

மேசையின் ஒரு பக்கம் ஐந்தாறு பேர். அந்த ஒரு மணி நேரமும் அவர்களுக்குச் சம்பள நேரம். மறுபக்கம் ஒரு தாய். ஓட்டலிலோ பாக்டரியிலோ மணிக் கணக்கில் கூலி வாங்குபவளாக இருந்தால், கூட்டத்துக்கு வந்த நேரத்துக்கு அவள் கூலியிலே வெட்டு. அவள் முன்னே கத்தைக் காகிதம். அதிலே சுருக்கெழுத்தும் மதிப்பெண்ணும். “எல்லாம் ஆராய்ந்து எழுதிவிட்டோம், கையெழுத்துப் போடுங்கள்” என்கிறார்கள். “என் பையனுக்கு இன்னும் இரண்டு மணி நேரம் பயிற்சி வேண்டுமே” என்கிறாள். “பரிசீலிக்கிறோம்” என்று பதில் வருகிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்திலும் அதே பதில்!

தொழிலாளித் தோழர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. மானேஜர் அறைக்குத் தன்னந்தனியே அழைக்கப்பட்ட தொழிலாளிக்கும் நாற்காலி போடுவார்கள், காப்பிகூடக் கொடுப்பார்கள். ஆனால் முடிவு அதற்கு முந்திய நாளே எழுதப்பட்டிருக்கும்!

இது கற்பனையல்ல. டென்னசி மாகாணத்தின் ஹாமில்டன் மாவட்டத்தில் ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவனின் பெற்றோர் ஒரு குறிப்பிட்ட பயிற்சி முறையைக் கேட்டார்கள். மாவட்டமோ வேறொரு முறையிலே பணத்தைப் போட்டிருந்தது. பெற்றோர் கேட்ட முறையைத் தருவதில்லை என்று எழுதாத விதி ஒன்றும் வைத்திருந்தது. முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கூட்டம் நடத்துவது சட்ட விரோதம் என்று 2004-ல் அப்பீல் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பெற்றோர் எத்தனை ஆதாரம் கொண்டு வந்தாலும் பயனில்லாத கூட்டம், கூட்டமே அல்லவே!

ஏன் இப்படி? காரணத்தைத் தேடி வெகுதூரம் போகவேண்டாம். பணப்பையைப் பாருங்கள்.

ஒரு மாணவனுக்கு நாட்டிலே சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை, இத்தகைய குழந்தை ஒவ்வொருவருக்காகவும் மத்திய சர்க்கார் தரலாம் என்று சட்டம் வகுத்தது. ஐம்பது ஆண்டில் ஒரு ஆண்டுகூட அந்தத் தொகை முழுதாக வந்ததில்லை. அண்மை ஆண்டுகளில் அது 15 சதவீதத்துக்கும் கீழே. கொடுக்க முடியாததை இச்சட்டம் வாக்களிக்கிறது என்று, கையெழுத்திட்டதை ஒட்டி வெளியிட்ட அறிக்கையிலே ஃபோர்டு சொன்னார். கடமையை வாஷிங்டன் விதித்தது. செலவில் பெரும்பங்கை மாகாணத்தின் தலையிலும் மாவட்டத்தின் தலையிலும் கட்டியது. ஆகவே அந்த மேசையிலே குழந்தையின் தேவை ஒரு பக்கமும் வரவு செலவுத் திட்டம் மறுபக்கமும் உட்கார்ந்திருக்கின்றன. “இந்தக் குழந்தைக்கு இது வேண்டும்” என்று மனதார நினைக்கும் ஆசிரியருங்கூட, நிர்வாகத்தின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளும் நிலை வருகிறது.

டெக்சாஸ் மாகாணம் எவ்வளவு தூரம் போனது தெரியுமா? சிறப்புக் கல்வி பெறுவோர் நூற்றுக்கு எட்டரைப் பேருக்குள் இருக்கவேண்டும் என்று 2004-ல் ஒரு கணக்கை வைத்தது. நாடு முழுவதும் சராசரி அன்று 13-ஐ ஒட்டி இருந்தது. குழந்தையைப் பரிசோதிக்கும் முன்னே எண்ணிக்கையை நிர்ணயித்த அதிசயம்! 2016-ல் ‘ஹூஸ்டன் கிரானிக்கிள்’ பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. 2017-ல் மாகாணச் சட்டசபையே அந்த வரம்புக்குத் தடை போட்டது. 2018 ஜனவரியில், டெக்சாஸ் சட்டத்தை மீறியது என்று மத்திய கல்வித் துறை அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளிலே வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்வது?

கோர்ட்டுக்குப் போகலாமே என்பீர்கள். போகலாம். ஆனால் 2005-ல் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது: புகார் செய்பவர் பெற்றோரானால், குறையை நிரூபிக்கும் பொறுப்பும் பெற்றோருடையதே. பதிவேடும் நிபுணரும் பள்ளியின் கையிலே. நிரூபிக்கும் சுமை தாயின் தலையிலே! நியூயார்க்கும் நியூஜெர்சியும் பிறகு தனிச் சட்டம் செய்து அந்தச் சுமையைப் பள்ளியின் மேலே மாற்றின. 2006-ல் இன்னொரு தீர்ப்பு: வழக்கிலே பெற்றோர் வென்றாலும், நிபுணருக்குக் கொடுத்த கூலியைத் திரும்பப் பெற முடியாது. தனியார் பள்ளியிலே சேர்த்துவிட்டுப் பின்னர் வழக்காடிப் பணத்தைத் திரும்பப் பெறும் வழியை 1985-ன் தீர்ப்பு திறந்து வைத்தது. முதலிலே கட்டப் பணமுள்ளவருக்கு அது வழி. அன்றாடம் உழைத்து உண்பவருக்கு?

வெளிச்சமும் இல்லாமல் இல்லை. பள்ளி கொடுக்கும் கல்வி பெயரளவிலே இருந்தால் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கேற்ற முன்னேற்றம் தருவதாக இருக்கவேண்டும் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட்டு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் தீர்ப்பைக் காப்பதற்கு ஆள் வேண்டாமா? 2025 மார்ச்சில், மத்திய கல்வித் துறையின் ஊழியர்களில் ஏறத்தாழப் பாதிப்பேரைக் குறைப்பதாக அறிவித்தார்கள். புகார்களை விசாரிக்கும் உரிமைப் பிரிவின் அலுவலகங்கள் பலவும் அதிலே அடிபட்டன. சட்டத்தின் பொன்விழா ஆண்டிலே சட்டத்துக்குக் கிடைத்த பரிசு இது!

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் விடையும் தெரியும். எந்தச் சீமானும் கருணை கொண்டு கொடுத்ததல்ல. 1975-க்கு முன், பத்து லட்சம் குழந்தைகள் அரசாங்கப் பள்ளிக்கூடத்துக்கு முற்றிலும் வெளியே இருந்ததாக அந்நாட்டுக் காங்கிரசே ஒப்புக்கொண்டது. பென்சில்வேனியாவிலே பெற்றோர் சங்கம் அமைத்தார்கள், 1971-ல் வழக்குத் தொடுத்தார்கள், கதவு திறந்தது. 1972-ல் வாஷிங்டன் நகரிலே, “பணமில்லை” என்று கல்வி நிர்வாகம் கைவிரித்தது. பற்றாக்குறை இருந்தால் அதன் சுமையை இந்தக் குழந்தைகளின் மேலேயே அதிகமாக ஏற்றக்கூடாது என்று கோர்ட்டு மறுத்தது. இவற்றுக்குப் பிறகே பாராளுமன்றம் அசைந்தது.

தனித்தனியே கேட்டபோது கிடைத்தது அனுதாபம். சேர்ந்து கேட்டபோது கிடைத்தது சட்டம். இன்றோ அந்தச் சட்டம் பெற்றோரை மறுபடி ஒவ்வொருவராக, மூடிய அறையிலே, தனி மேசைக்கு அழைக்கிறது. பலவீனம் அங்கேதான்.

அதே சட்டத்திலே ஆயுதங்களும் இருக்கின்றன. விஷயம் தெரிந்த ஒருவரைக் கூட்டத்துக்குத் துணையாக அழைத்துப் போகலாம். ஆங்கிலம் தெரியாத பெற்றோருக்கு மொழிபெயர்ப்பாளர் வைப்பது பள்ளியின் கடமை. கேட்டதை மறுத்தால், ஏன் மறுக்கிறோம் என்று காரணத்தோடு எழுத்திலே கொடுக்கவேண்டும். வாய்ச்சொல்லாக “முடியாது” என்பது எளிது. கையெழுத்திட்டுச் சொல்வது எளிதல்ல. இதை அறிந்த பெற்றோர் அறியாதவருக்குத் துணை போகவேண்டும். ஆள் பற்றாக்குறையால் நசுங்கும் ஆசிரியரும் அவர்களோடு நின்று, வாஷிங்டனைப் பார்த்து அந்த 40 சதவீதத்தைக் கேட்கவேண்டும். தாயும் ஆசிரியரும் மேசையின் எதிரெதிர்ப் பக்கங்களில் மோதிக்கொள்ளும் வரையில், பணப்பையை இறுக்கிப் பிடித்திருப்பவருக்குக் கவலையே இல்லை.

உரிமையைக் காகிதத்திலே வாங்குவது பாதி வேலை. அதைக் கையாளும் பலத்தைக் கடைசித் தாய்க்கும் தருவதே மீதி வேலை. அந்த மீதி வேலை ஐம்பது ஆண்டாகக் கிடப்பிலே கிடக்கிறது.