சொந்த மண் வேண்டும் என்றவர்களின் பிள்ளைகள்

மலாக்கா மாநிலத்தின் ஜாசினிலோ மெர்லிமாவிலோ அலோர் காஜாவிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் கைப்பேசியில் நாலு வாட்சாப் குழுக்களாவது இருக்கும். கோவில் நிர்வாகம், பெற்றோர் ஆசிரியர் சங்கம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர்கள், பழைய தோட்டத்து மக்கள். அந்த நாலாவது குழுவில்தான் நம் உயிர் இருக்கிறது. தாமானாகிப்போன, செம்பனையாகிப்போன தோட்டங்களின் படங்கள் அங்கேதான் வரும். பெரட்டுக் களத்தில் வாளியோடு நிற்கும் பெண்கள், ஆயாக் கொட்டகைத் தொட்டில்கள், திருவிழாப் பந்தல், கிராணியார் வீட்டு வாசலில் சாத்திய சைக்கிள். படம் வந்த அன்று ஆளாளுக்குக் கைகூப்புகிறோம். "நம்ம பெரியப்பா மாதிரி இருக்கே" என்று ஒருவர் எழுதுவார். மறுநாள் காலை வணக்கப் படங்கள் வந்து அதை மேலே தள்ளிவிடும். கைப்பேசி மாற்றும்போது அந்தப் படம் நம்மை விட்டே போய்விடும். யாரும் தேடுவதில்லை.

வரும்போதே அந்தப் படம் சுருங்கித்தான் வருகிறது. வாட்சாப் வழக்கமாகப் படத்தின் அளவைக் குறைத்துத்தான் அனுப்பும். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணும் மூக்கும் கட்டம் கட்டமாக உடையும். அதைவிடப் பெரிய இழப்பு படத்தின் பின்பக்கம். பழைய ஸ்டூடியோ படங்களின் பின்னால் பென்சிலில் பெயர் எழுதி வைத்திருப்பார்கள். இடமிருந்து வலமாக யார் யார், மண்டோர் எவர், மடியில் இருக்கும் கைக்குழந்தை யாருடையது, எந்த வருசம், எந்தத் தோட்டம் என்று எல்லாம் இருக்கும். நாம் முன்பக்கத்தை மட்டும் படம் பிடித்து அனுப்பினோம். ஆல்பத்தைக் கரையான் தின்ற பிறகு பெயரில்லாத முகங்கள் மட்டும் மிஞ்சின. அவர்கள் நம் சொந்த அத்தை மாமாக்கள்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. கோவில் கதவு அடைத்திருந்த அந்த மாதங்களில் பூசையை முகநூல் நேரலையில் பார்த்தோம். சிலர் பெற்றவர்களின் இறுதிக் காரியத்தைக்கூட அப்படித்தான் பார்த்தார்கள். அந்தக் காணொளிகளை இறக்கி வேறோர் இடத்தில் வைக்கவேண்டும் என்று நமக்குத் தோன்றவில்லை. அதுதான் முகநூலில் இருக்கிறதே என்று இருந்துவிட்டோம். 2025 பிப்ரவரி 19 முதல் நேரலைக் காணொளிகள் 30 நாளுக்கு மேல் தங்காது என்று அந்த நிறுவனம் முடிவு செய்தது. பழையவற்றை இறக்கிக்கொள்ள 90 நாள் தவணையும் கொடுத்தது. அறிவிப்பு வந்தது, படிக்காமல் தள்ளிவிட்டோம். கூகுளும் அப்படியே. இரண்டு ஆண்டு யாரும் திறக்காத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பரிலிருந்து அழிக்கத் தொடங்கியது. இறந்துபோன அப்பாவின் கணக்கில் என்ன இருந்தது என்று பார்க்க, எத்தனை வீடுகளில் பிள்ளைகளுக்குத் திறவுச்சொல் தெரியும்?

அந்த நிறுவனங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது அவர்கள் இடம். விதியை எழுதி வைத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தார்கள். படிக்காமல் சம்மதம் என்று அழுத்தியது நாம்.

வேறு யாருக்கும் இது விளங்காமல் போயிருந்தால் பரவாயில்லை. தோட்டத்து மக்களுக்கு விளங்காமல் போனதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மலாயாவில் வணிகத்துக்கென்று ரப்பர் நட்ட கதை நம் மாநிலத்தில்தான் தொடங்குகிறது. 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், அடுத்து புக்கிட் அசாஹானில். அந்த மரங்களுக்கடியில் தலைமுறை தலைமுறையாகப் பால் வெட்டியவர்கள் நம்மவர்கள். லயத்து வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், வாசலில் முருங்கை வைத்தார்கள், கோவில் கட்டினார்கள். நிலப் பட்டா மட்டும் அவர்கள் பெயரில் இல்லை. வேலை போன அன்று வீடும் போகும். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போக, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, தோட்டத் துண்டாடலில் குடும்பங்கள் சட்டி பானையோடு சாலைக்கு வந்தன.

அப்போதுதான், 1960இல், துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். ஒரு பங்கு 100 வெள்ளி, மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். பால்மரத்துச் சம்பளத்தில் 10 வெள்ளி என்பது சின்னத் தொகை இல்லை. அப்படியும் கட்டினார்கள். கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. அடுத்தவன் மண்ணில் எவ்வளவு அழகாக வாழ்ந்தாலும் அவன் சொன்ன அன்று எழுந்து போகவேண்டும் என்பது, கையெழுத்துப் போடத் தெரியாமல் பெருவிரல் ரேகை வைத்த பாட்டிக்கு விளங்கியிருந்தது. அவள் பேரப்பிள்ளைகளான நாம் பட்டம் படித்தோம். அவளுடைய படத்தையே கொண்டுபோய் அடுத்தவன் மண்ணில் வைத்தோம்.

கருவி செய்யத் தெரியாத கூட்டமும் இல்லை நாம். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு எழுத்துருக்களைச் செய்யத் தொடங்கியது 1985இல். கைப்பேசியில் தமிழ் எழுத வந்த செல்லினம் 2005இல் வெளிவந்தது. தமிழ் இணைய மாநாட்டை 2001இல் கோலாலம்பூரில் நடத்தினோம். சென்னை, கொழும்பு, மலாக்கா, சிங்கப்பூர் துவாஸ் என்று நம் ஊர்களைக் கோர்த்துக்கொண்டு போகும் சீ-மீ-வீ 4 கடலடிக் கேபிள் 2005இலிருந்து ஓடுகிறது. தாத்தா ரஜூலா கப்பலில் கடந்த கடலின் அடியில், நம் மலாக்காக் கரையில் ஏறுகிறது அந்தக் கம்பி. எழுத்து இருந்தது, கம்பி இருந்தது. நமக்கென்று ஒரு பெட்டியை வைத்து அதைப் பார்த்துக்கொள்ளத்தான் நமக்குப் பொறுமை இல்லாமல் போயிற்று.

எச்சரிக்கை முன்பே வந்ததுதான். சுங்கை பட்டாணியில் வாழ்ந்த டாக்டர் ஜெயபாரதி 'அகத்தியர்' என்ற யாஹூ குழுவை நடத்தினார். இலக்கியம், வரலாறு, சமயம், மருத்துவம் என்று ஆயிரக்கணக்கான மடல்கள் அதில் ஓடின. கெடாவிலிருந்து எழுதியதை மலாக்காவிலும் கனடாவிலும் படித்தார்கள். யாஹூ தன் குழுக்களை ஒடுக்கப்போவதாக 2019இல் அறிவித்து, 2020 டிசம்பரில் முழுதாக மூடியது. யார் யார் தனியாக இறக்கி வைத்திருந்தார்களோ அவர்களிடம் மட்டும் மடல்கள் தங்கின. அன்றைக்கு நாம் வருத்தப்பட்டோம். வருத்தத்தையும் முகநூலில்தான் எழுதினோம்.

இலங்கைத் தமிழர்கள் வேறு மாதிரி நடந்துகொண்டார்கள். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிந்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். 2005இல் நூலகம் என்ற பெயரில் தங்கள் சொந்த இணையக் களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். ஊர் மலர், கோவில் மலர், பாடசாலை மலர், துண்டுப் பிரசுரம் என்று எதையும் சின்னது என்று ஒதுக்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். நம் தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர்களும் கோவில் திருப்பணி மலர்களும் எந்த அலமாரியில் இருக்கின்றன என்று நமக்கே தெரியாது. தமிழ் நேசன் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது. அதில் நம் தோட்டத்துச் செய்தி வந்த நாள் பலருக்கு நினைவிருக்கிறது, பத்திரிகை கையில் இல்லை.

நமக்கென்று வைக்க வேண்டிய பெட்டிக்குத்தான் வீட்டுச் சர்வர் என்று பெயர். அது பெரிய விசயம் என்று ஒதுங்கியே இருந்துவிட்டோம். அது ஒரு பழைய மடிக்கணினியாக இருக்கலாம், உள்ளங்கை அளவு ராஸ்பெரி பையாகவும் இருக்கலாம். டிவி மேசையில் மோடத்துக்குப் பக்கத்தில் இருந்துகொள்ளும். டெபியன் இயங்குதளம் போட்டு, அதன்மேல் நெக்ஸ்ட்கிளவுட் மென்பொருள் போட்டால் கோப்புகளும் நாட்காட்டியும் நம் வீட்டிலேயே இருக்கும். படங்களுக்கு இம்மிச் என்ற மென்பொருள் இருக்கிறது. எல்லாம் இலவசம். சின்னப் பெட்டி 5 வாட் இழுத்தால் ஆண்டு முழுக்க ஓட 44 யூனிட் மின்சாரம் போதும். வெளியிலிருந்து திறக்கத்தான் கொஞ்சம் வேலை. வீட்டு இணைப்பின் முகவரி மாறிக்கொண்டே இருக்கும், அதை ஒரு டொமைன் பெயரோடு ஒட்டிவைக்க டைனமிக் டிஎன்எஸ் வேண்டும். ஊருக்கே கதவைத் திறந்து வைக்காமல், குடும்பத்தாரும் குழுவினரும் மட்டும் வயர்கார்ட் என்ற பூட்டிய தனிவழியாக உள்ளே வந்தால் பயமும் குறையும். மின்னஞ்சலை மட்டும் இப்போதைக்கு வீட்டில் நடத்த வேண்டாம். அனுப்பும் கடிதங்கள் பலவும் பெறுபவரின் குப்பைப் பெட்டிக்குப் போகும், மனம் விட்டுப்போகும்.

இதையெல்லாம் செய்யத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். மல்டிமீடியா பல்கலைக்கழகம் 1990களிலிருந்து மலாக்காவில்தான் இருக்கிறது. அங்கேயும் வேறிடங்களிலும் கணினி படித்த நம் பிள்ளைகள் சைபர்ஜெயாவிலும் சிங்கப்பூரிலும் அடுத்தவர் சர்வர்களை ராத்திரி கண்விழித்துக் காக்கிறார்கள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தால் பிரிண்டரைப் பார்த்துக்கொடு தம்பி என்று கேட்டோம். நம் தோட்டத்துக்கு ஒரு சர்வர் போட்டுக்கொடு என்று கேட்டதில்லை.

கேட்டுச் செய்த இடங்களிலும் நாம் இன்னொரு தவறு செய்தோம். செய்தவர் தலையிலேயே எல்லாவற்றையும் போட்டோம். தனி ஆளாகத் தமிழ் இணையதளம் நடத்தியவர்கள் பலரின் உழைப்பு ஒரு டொமைன் புதுப்பிப்பு தவறியதில் முடிந்திருக்கிறது. கார்டு காலாவதியாகியிருக்கும், இல்லை ஆள் படுத்த படுக்கையாகியிருப்பார். சில நேரம் வெறும் சலிப்பு. சந்தா எவ்வளவு என்று நாம் விசாரித்ததுண்டா? தீமிதிக்கு விறகு வாங்கப் பணம் திரட்டும் நாம், கோவில் இணையதளத்தை யாரோ ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான் என்று விட்டுவிட்டோம். பையனுக்குக் கல்யாணம் ஆகி கிள்ளானுக்குப் போனபோது தளமும் கூடவே போய்விட்டது.

மலாக்கா இடிமின்னலைப் பற்றி யாராவது கேட்பார்கள். நியாயமான பயம். சாயங்காலம் வானம் கறுத்தால் மோடத்தின் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் ஊர் நம்முடையது. வீட்டில் ஓடும் எந்தப் பெட்டியும் ஒருநாள் கருகும், அதனால் ஒரே பெட்டியை நம்பவே கூடாது. மெர்லிமாவில் ஒன்று, பூலாவ் செபாங்கில் ஒன்று, ராத்திரியில் இரண்டும் ஒன்றையொன்று பார்த்து நகல் எடுத்துக்கொள்ளட்டும். மூன்றாவது நகல் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கோலாலம்பூரில் இருக்கும் யாரிடமாவது போகட்டும். உறவுக்காரர் இல்லாத ஊர் நமக்கு எது? வாட்சாப் குழுவைக் கலைக்க வேண்டியதும் இல்லை. பேச்சு அங்கே நடக்கட்டும், பெட்டகம் நம்மிடம் இருந்தால் போதும்.

முதல் வேலைக்குக் கணினிகூட வேண்டாம். எண்பது வயதைத் தாண்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டுரியான் துங்காலிலும் தெபோங்கிலும் பத்தாங் மலாக்காவிலும் அவர்கள் வீட்டுக்குப் போய், பீரோவுக்குமேல் இருக்கும் ஆல்பத்தை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு படத்தையும் திருப்பிப் பார்க்கவேண்டும். இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்யவேண்டும். பின்னால் எழுத்து இல்லையென்றால் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்ளவேண்டும்.

மாசி மகத்துக்குச் செங் சன்னாசிமலைக் கோவிலுக்கு எப்படியும் எல்லாரும் வருவோம். காவடி பார்த்து முடித்து, சாப்பாட்டுக்கு உட்காரும்போது இதைப் பேசி முடித்துவிடலாம். பெட்டி யார் வீட்டில், திறவுச்சொல் எந்த மூன்று பேரிடம் (அதில் ஒருவராவது முப்பது வயதுக்குக் கீழே), டொமைன் எந்த மாதம் முடிகிறது, ஆளுக்கு எத்தனை வெள்ளி. அதைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடுத்த ஆண்டுக் கணக்கில் கோவில் மின்கட்டணத்துக்கு அடுத்த வரியாகச் சேர்த்துவிடச் சொல்லி நான் பொருளாளரிடம் கேட்கப்போகிறேன்.