கரியமில வாயுவும் மணலும்

தனிம வரிசை அட்டவணையில் கார்பனுக்கு நேர் கீழே இடம்பெற்றிருப்பது சிலிக்கான். இரண்டின் வெளிக்கூட்டிலும் நான்கு எலக்ட்ரான்களே உள்ளன. இரண்டுமே ஓர் அணுவுக்கு இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் என்ற விகிதத்தில் ஆக்சிஜனோடு சேர்கின்றன. ஆயினும், கார்பன் டை ஆக்சைடு மூச்சில் வெளியேறும் வாயுவாக இருக்க, சிலிக்கான் டை ஆக்சைடோ மணலிலும் பாறையிலும் குவார்ட்ஸாக உறைந்து கிடக்கிறது. முன்னது −78.5 டிகிரி செல்சியஸிலேயே திண்மத்திலிருந்து நேரே வாயுவாகிவிடுகிறது. பின்னதை உருக்க ஏறத்தாழ 1,700 டிகிரி வெப்பம் வேண்டும்.

சிலிக்கான்–ஆக்சிஜன் பிணைப்பு வலியது, கார்பன்–ஆக்சிஜன் பிணைப்பு நலிந்தது என்பதே இதற்குப் பலரும் சட்டென்று கூறும் காரணம். உண்மை இதற்கு நேர்மாறானது. கார்பன் டை ஆக்சைடில் உள்ள இரட்டைப் பிணைப்பை, அதாவது இரண்டு அணுக்கள் இரண்டு இணை எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொள்ளும் பிணைப்பை, முறிக்க மோலுக்கு ஏறத்தாழ 800 கிலோஜூல் தேவைப்படுகிறது. குவார்ட்ஸில் உள்ள ஒற்றைப் பிணைப்புக்கு 450 கிலோஜூல் போதும். ஆகவே, பிணைப்பு எவ்வளவு வலியது என்பதைவிட, ஒரு பொருள் உருகும்போதோ ஆவியாகும்போதோ எந்தப் பிணைப்பு அறுபடுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

மருந்துகளையும் மீனையும் குளிர்நிலையில் அனுப்பப் பயன்படும் உலர் பனிக்கட்டி, திண்ம நிலையில் உள்ள கார்பன் டை ஆக்சைடே ஆகும். அதைச் சூழ்ந்து தவழும் வெண்புகை, காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து திரண்ட நீர்த்துளிகளேயன்றி அந்த வாயு அன்று. வாயு கண்ணுக்குத் தெரியாமலே வெளியேறிவிடுகிறது. கட்டி முழுவதும் கரைந்து மறைந்த பிறகும், கார்பனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையிலான ஒரு பிணைப்புகூட முறிந்திருப்பதில்லை. மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருந்த மெல்லிய ஈர்ப்பு மட்டுமே அங்கே தளர்கிறது. குவார்ட்ஸில் தனித்த மூலக்கூறு என்பதே கிடையாது. ஒவ்வொரு சிலிக்கானும் நான்கு ஆக்சிஜன்களோடும், ஒவ்வோர் ஆக்சிஜனும் இரண்டு சிலிக்கான்களோடும் பிணைந்து, படிகம் முழுவதும் ஒரே பின்னலாக நீள்வதால், அதை உருக்க முனைபவர் பிணைப்புகளையே அறுத்தாக வேண்டும். இவ்விரண்டின் வாய்பாடுகளையும் ஒரே அச்சில் எழுதவைத்து, ஒன்று மூலக்கூற்றையும் மற்றொன்று வெறும் விகிதத்தையும் குறிப்பதைச் சொல்லாமல் விடும் பாடம், வேதியியலின் உயிர்நாடியையே மாணவருக்கு மறைத்துவிடுகிறது.

சிலிக்கான் ஏன் இரட்டைப் பிணைப்பை நாடுவதில்லை என்பதற்கு அதன் பருமனே காரணம். இரட்டைப் பிணைப்பின் இரண்டாவது இழை, அணுக்களின் எலக்ட்ரான் மேகங்கள் பக்கவாட்டில் மேற்பொருந்துவதால் உருவாகிறது. சிலிக்கான் அணு பெரிதாகவும், ஆக்சிஜனிலிருந்து அதன் தொலைவு மிகுதியாகவும் இருப்பதால், அந்த மேற்பொருந்தல் வலுவற்றுப் போகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கார்பன் சேர்மங்களான கீட்டோன்களுக்கு இணையான சிலிக்கான் சேர்மங்களை இங்கிலாந்தின் நாட்டிங்காமில் தேடிய ஃபிரெடெரிக் கிப்பிங்குக்கு, பிசின் போன்ற பொருள்களே திரும்பத் திரும்பக் கிடைத்தன. சிலிக்கானும் ஆக்சிஜனும் ஒற்றைப் பிணைப்புகளால் மாறிமாறிக் கோத்துக்கொண்ட நீண்ட தொடர்கள் அவை. இன்று வெப்பம் தாங்கும் வளையங்களாகவும் மருத்துவக் குழாய்களாகவும் பயன்படும் சிலிகோன்கள் அவ்வகையைச் சேர்ந்தவையே.

கார்பனையும் இவ்வழிக்குத் திருப்ப முடியும் என்பது 1999-இல் மெய்ப்பிக்கப்பட்டது. அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தினர், கார்பன் டை ஆக்சைடை இரண்டு வைர முனைகளுக்கிடையே ஏறத்தாழ நான்கு லட்சம் வளிமண்டல அழுத்தத்தில் நெருக்கி, லேசரால் 1,500 டிகிரி அளவுக்குச் சூடாக்கியபோது, இரட்டைப் பிணைப்புகள் பிரிந்து, ஒவ்வொரு கார்பனும் நான்கு ஆக்சிஜன்களோடு ஒற்றைப் பிணைப்பில் இணைந்த, குவார்ட்ஸை ஒத்த திண்மம் உருவாயிற்று. அழுத்தம் முழுவதும் நீங்கினால் அது நிலைப்பதில்லை. மீண்டும் தனித்தனி மூலக்கூறுகளாகப் பிரிந்துவிடுகிறது.