கரண்டியும் குளிர்நீர் மீனும்

உணவு மேசையிற் கிடக்கும் கரண்டிக்கும் மீன்பிடித்தலுக்கும் தொடர்பு யாது என்று வினவினால், அமெரிக்கர் ஒரு கதை சொல்வர். வேர்மொன்ற் மாநிலத்து ஏரியொன்றிலே, படகிலிருந்து உணவருந்திய யூலியோ பியூவல் என்னும் இளைஞன் கைதவறிக் கரண்டியை நீரில் விட்டான். அது மின்னி மின்னித் தாழ்கையில், பெரிய மீனொன்று பாய்ந்து அதனைக் கௌவிற்று. கதை எவ்வளவுக்கு உண்மையோ! பியூவல் 1852ஆம் ஆண்டிலே கரண்டித் தூண்டிலுக்குக் காப்புரிமை பெற்றமை மட்டும் உண்மை.

அக்கரண்டியின் வழித்தோன்றல் ஒன்று இன்று குளிர்காலத்திற் பாஸ் மீன் பிடிக்க உதவுகின்றது. பெயர்தான் கரண்டி, குழிவுமில்லை, காம்புமில்லை. விரலளவு நீளமான பாரமான உலோகத் தகடு; வாலில் முக்கவர்க் கொக்கி. எடை பெரும்பாலும் அரை அவுன்சு முதல் ஒரு அவுன்சு வரை.

மிசூரி மாநிலத்தில், 1958இல் அணை கட்டி முடிக்கப்பட்ட ரேபிள் றொக் நீர்த்தேக்கம் இவ்வகைத் தூண்டிலுக்குப் பேர்போனது. அங்கே கோடையில் மேல்நீர் வெம்மையாய் இலேசாய் மிதக்க, அடிநீர் அதனோடு கலவாமல் ஒட்சிசன் குன்றிக் கிடக்கும். இலையுதிர் காலத்தில் மேல்நீர் குளிர்ந்து அடர்த்தி கூடிக் கீழிறங்கவே, ஏரி முழுவதும் கலங்கி ஒன்றாகும். அதன்பின்னரே ஆழத்திலும் மீன் மூச்சுவிட இயலும். குளிர்காலத்திற் பாஸ் மீன்கள் முப்பது, நாற்பது, சில வேளை அறுபது அடி ஆழத்திற் கூடி நிற்பது இதனாலேயே.

அவை தாமாகப் போவதில்லை. இரையைத் தொடர்ந்தே போகின்றன. இரையாவது ஷாட் என்னும் சிறுமீன்; நம் சாளைக்கு உறவானது. அதில் ஒரு வகை குளிர் தாங்காது. நீர் 7 பாகை செந்திகிரேட்டிற்குக் கீழே செல்லத் தளர்ந்து, 5 பாகையை அணுகுகையிற் சாகத் தொடங்கும். சாகும் மீன் நேரே அமிழாது; வெள்ளி வயிறு மினுங்கப் புரண்டு புரண்டு வீழும். குளிரால் உடல் மந்தித்து, துரத்தி உண்ணும் வலுவின்றி நிற்கும் பாஸ் மீனுக்கு இது வாய்க்கருகே வந்து விழும் விருந்து. தகட்டுக் கரண்டி நடிப்பதும் இந்தச் சாவையே.

ஆகவே வித்தை முழுவதும் வீழ்ச்சியிலே தங்கியுள்ளது. படகை மீனுக்கு நேர் மேலே நிறுத்திக் கரண்டியை அடிவரை இறக்குவர். பின்பு தூண்டிற் கோலை ஓரிரு அடி வெடுக்கென உயர்த்தி, கரண்டி விழும் வேகத்திற்கு ஒப்பக் கோலையும் தாழ்த்துவர். நூல் இறுகி நின்றால் கரண்டி கொத்தனாரின் தூக்குக்குண்டு போல் நேரே இறங்கும். எந்த மீனும் ஏமாறாது. நூல் முற்றாகத் தளர்ந்தாலோ மீன் கௌவியது கைக்குத் தெரியாது. இரண்டிற்கும் இடைப்பட்ட அந்தத் தளர்வைக் கை பழகிக்கொள்ளவே ஒரு குளிர்காலம் வேண்டும். மீனும் பெரும்பாலும் வெட்டி இழுப்பதில்லை; விழவேண்டிய கரண்டி விழாமல் இடையில் நிற்கும், அல்லது மறுமுறை உயர்த்துகையிற் சற்றுப் பாரமாய் இருக்கும். அவ்வளவே. நீரில் மூழ்கிய மரக்கிளையிற் கொக்கி மாட்டினால் இழுத்துப் போராடவேண்டியதில்லை. நூலைத் தளர்த்திச் சிறிது குலுக்கினால், கரண்டியின் பாரமே பெரும்பாலும் கொக்கியை விடுவித்துவிடும்.

பிடித்த மீனை உயிரோடு நீரில் விடும் வழக்கம் அங்கு நன்கு வேரூன்றியது. றே ஸ்கொற் என்பார் 1972இல் தம் பாஸ் போட்டிகளிற் புகுத்தியபின் அது பெரிதும் பரவிற்று. நல்ல வழக்கந்தான். ஆனால் ஆழ்நீர் மீனுக்கு அது எப்போதும் கருணையாவதில்லை. உயர்தர வகுப்பிற் பௌதிகம் படிப்போர் போயிலின் விதியை நினைவுகூர்க. 33 அடி ஆழத்தில் அமுக்கம் நீர்மட்டத்திலுள்ளதைப் போல் இருமடங்கு. அவ்வாழத்திற் பழகிய மீனை மேலே இழுத்தால், அதன் காற்றுப்பையிலுள்ள வாயு இருமடங்காய் விரியும். சில மீனினங்களுக்குக் காற்றுப்பையிலிருந்து தொண்டைக்கு வழியுண்டு. பாஸ் மீனுக்கு இல்லை. வாயு குருதி வழியே மெல்லக் கரைந்துதான் குறையவேண்டும். விட்ட மீன் கீழே செல்லமாட்டாது, பக்கம் சாய்ந்து மிதந்து, வெயிலுக்கோ பறவைக்கோ இரையாகும். விட்டவனோ நற்செயல் புரிந்தேன் என்று வீடு செல்வான்.

உணவுக்கு வேண்டியதைப் பிடித்தவுடன் ஆழ்நீரை விட்டு விலகுவதே நேர்மை என்பது என் எண்ணம். விளையாட்டை விடமாட்டாதவர்க்கு இரு வழிகள் உள. ஒன்று, துளையுள்ள ஊசியை உரிய இடத்திற் செலுத்தி வாயுவை வெளியேற்றுதல். பழகாத கை இதனைச் செய்தால் உள்ளுறுப்பைக் கிழித்துவிடும். மற்றையது எளிது: கவ்வியொன்றில் ஈயப் பாரம் கட்டி, மீனின் தாடையிற் பூட்டி, வந்த ஆழத்திற்கே இறக்குதல். கீழே செல்லச் செல்ல அமுக்கம் வாயுவைச் சுருக்கும். வயிற்று வீக்கம் வடியும். உரிய ஆழத்தில் நூலை வெடுக்கென இழுத்துக் கவ்வியை விடுவித்தால், மீன் நிமிர்ந்து, மூழ்கிய மரங்களிடையே தானே நீந்திச் செல்லும்.