தபால் வேலைநிறுத்தமும் ஜன நம்பிக்கையும்

ஒரு தேசத்தின் தபால் ஸ்தாபனத்திற்கு மூலதனம் எது? கட்டிடங்களா, வண்டிகளா, தபால் தலை விற்ற பணமா? இவை யாவும் இரண்டாம் பட்சமே. பெட்டியில் போட்ட கடிதம் உரியவர் கைக்கு உரிய காலத்தில் போய்ச் சேரும் என்று ஜனங்கள் கொண்டிருக்கும் நம்பிக்கையே அதன் முதல். அந்த முதல் கரையத் தொடங்கினால் என்ன நேரும் என்பதைக் கனடா தேசத்தில் கண்கூடாகக் காணலாம். தொழிலாளர் இயக்கத்தில் பற்றுள்ளவர்களும், பொதுச் சொத்தாகிய ஸ்தாபனங்கள் நிலைத்து நிற்க வேண்டும் என்று விரும்புகிறவர்களும் அந்த அனுபவத்தை ஊன்றிக் கவனிப்பது அவசியம்.

2023 நவம்பரில் தொடங்கிய சம்பளப் பேச்சு முறிந்து, 2024 நவம்பர் 15-ந் தேதி கனடா தபால் ஊழியர் சங்கத்தைச் சேர்ந்த சுமார் 55,000 பேர் வேலைநிறுத்தம் செய்தனர். கிறிஸ்துமஸுக்கு முந்திய அந்த வாரங்களே பார்சல் வியாபாரத்திற்கு அறுவடைக் காலம். ஒரு மாதத்திற்கு மேல் தபால் நின்றது. சரக்குகளைத் தபாலில் அனுப்பிப் பிழைக்கும் சிறு வியாபாரிகள் தவித்தனர். தபால் மூலம் நன்கொடை பெறும் தர்ம ஸ்தாபனங்களின் வரும்படி குறைந்தது. சுமார் 85,000 பாஸ்போர்ட்டுகள் உரியவர்களுக்கு அனுப்பப்படாமல் தேங்கின. தொழில் மந்திரி தலையிட்டதன் பேரில் டிசம்பர் 17-ந் தேதி வேலை மீண்டும் துவங்கிற்று. ஆனால் தகராறு தீரவில்லை, ஒத்திவைக்கப்பட்டது, அவ்வளவே.

2025 மே 23 முதல் ஊழியர்கள் அதிக நேர வேலை செய்ய மறுத்தனர். நிர்வாகத்தின் இறுதி யோசனைகளைச் சர்க்கார் கட்டாய வாக்கெடுப்புக்கு விட்டபோது, ஆகஸ்டு மாதத்தில் நூற்றுக்கு 68 பேருக்கு மேல் அவற்றை நிராகரித்தனர். செப்டம்பர் 25-ந் தேதி மறுபடியும் தேசமெங்கும் வேலைநிறுத்தம். அக்டோபர் 11 முதல் அது ஊருக்கு ஊர் மாறி நடக்கும் சுழல் முறை வேலைநிறுத்தமாயிற்று. நவம்பர் 21-ந் தேதிதான், கொள்கை அளவில் உடன்பாடு ஏற்பட்டது என்ற அறிவிப்பு வந்தது. பேச்சுத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன.

இதைக் கொண்டு தபால்காரர்களைத் தூற்றுவோர் பலர். நாம் அவர்களுடன் சேர மாட்டோம். கனடா தபால் ஊழியர்களின் போராட்டச் சரித்திரம் கௌரவமானது. 1965-ல் சட்டத்தின் அனுமதியின்றியே அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்நாட்டு சர்க்கார் ஊழியர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை அளித்த 1967-ம் வருஷத்துச் சட்டத்திற்கு அப்போராட்டம் வழிகோலியது. 1981-ல் 42 நாள் வேலைநிறுத்தம் செய்து, தாய்மார்களுக்கு 17 வாரப் பிரசவ விடுமுறையைச் சம்பளத்துடன் பெற்றார்கள். இன்று அது சாதாரண உரிமையாகத் தோன்றுகிறது. அன்று அது போராடிப் பெற்ற பேறு. வேலைநிறுத்தம் என்ற ஆயுதம் தொழிலாளியிடம் இல்லாதிருந்தால், இவை தாமாக வந்திருக்கும் என்று யாரும் சொல்லத் துணிய மாட்டார்கள்.

ஆயினும் 1981-ம் வருஷத்துக் கனடா வேறு. இன்றைய கனடா வேறு. அன்று தபால் நின்றால் தேசமே நின்றது. ஆதலால் சர்க்காரும் நிர்வாகமும் பணிந்து வர வேண்டியிருந்தது. 2006-ல் அந்நாட்டுத் தபால் சுமார் 550 கோடி கடிதங்களைச் சுமந்தது. 2023-ல் சுமந்தது சுமார் 220 கோடி. வாரத்திற்கு ஏழு கடிதங்கள் பெற்று வந்த ஒரு சராசரிக் குடும்பம் இப்போது இரண்டே கடிதங்களைப் பெறுகிறது. கடிதத்தின் இடத்தைப் பார்சல் நிரப்பும் என்று நம்பினார்கள். அதுவும் கைநழுவியது. 2019-ல் பார்சல் வியாபாரத்தில் நூற்றுக்கு 62 பங்கைத் தன்வசம் வைத்திருந்த ஸ்தாபனம், 2023-ல் 29 பங்குடன் நின்றது. 2018 முதல் ஏற்பட்ட நஷ்டம் 300 கோடி டாலருக்கு மேல். 2025 ஜனவரியில் சர்க்கார் 100 கோடி டாலருக்கு மேல் கடன் கொடுத்து அதைத் தாங்க வேண்டியதாயிற்று.

இவ்வீழ்ச்சிக்கு வேலைநிறுத்தமே காரணம் என்று சொல்வது அநியாயம். கடிதத்தை விழுங்கியது மின்னஞ்சல். பார்சலைப் பறித்தவை, குறைந்த கூலிக்கு ஒப்பந்த ஆட்களை அமர்த்தி வாரத்தின் ஏழு நாளும் வண்டி ஓட்டும் தனியார் கம்பெனிகள். ஆனால் இந்நிலையில் வேலைநிறுத்தம் என்ன செய்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். போகலாமா இருக்கலாமா என்று தயங்கி நிற்கும் வாடிக்கைக்காரரை அது வாசலுக்கு வெளியே தள்ளுகிறது. நவம்பரில் வேறு கம்பெனியிடம் கணக்குத் திறந்த வியாபாரி, ஜனவரியில் அதை மூடிவிட்டுத் திரும்பி வருவார் என்று எதிர்பார்க்க முடியாது. உடன்பாடு ஆன பிறகும், அடுத்த கெடு எப்போது என்று அவர் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஆதலின், ஒவ்வொரு வேலைநிறுத்தமும் அடுத்த வேலைநிறுத்தத்தின் வலிமையைச் சிறிது தின்றுவிடுகிறது. ஜனங்களுக்குத் தபால் தேவையாயிருப்பதுதான் தபால்காரரின் ஆயுதத்துக்குக் கூர்மை. அந்தத் தேவை குறையக் குறைய ஆயுதமும் மழுங்கும்.

போகக்கூடியவர்கள் போய்விடுகிறார்கள். போக வழியில்லாதவர்களே அகப்பட்டுக்கொள்கிறார்கள். தனியார் வண்டி எட்டிப் பாராத வடபுலத்துக் கிராமவாசியும், கணிப்பொறி அறியாத முதியவரும், மருந்தையும் காசோலையையும் தபாலில் எதிர்பார்க்கும் ஏழையுமே இவர்கள். 2025 செப்டம்பர் 25-ந் தேதி சர்க்கார் வெளியிட்ட திட்டத்தைப் பாருங்கள். இன்னும் வீட்டு வாசலில் தபால் பெற்றுவரும் 40 லட்சம் விலாசங்களையும் படிப்படியாகத் தெருமுனைப் பொதுப் பெட்டிகளுக்கு மாற்றுவதாம். கிராமத் தபாலாபீஸ்களை மூடலாகாது என்று 1994-ல் விதித்த தடையையும் நீக்குவதாம். இதை எதிர்த்துத்தான் அன்றே சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. எதிர்த்தது நியாயமே. ஆனால் கிராமத் தபாலாபீஸைக் காக்க வேண்டிய கூட்டாளிகள் பொது ஜனங்கள். அவர்களுடைய தபாலை நிறுத்தி வைத்துக்கொண்டு, அவர்களையே துணைக்கு அழைப்பது கடினம்.

நிர்வாகமும் சர்க்காரும் இதைவிடப் பெரிய குற்றவாளிகள். 2011-ல் ஊழியர்கள் சுழல் முறையில் வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகமே கதவடைப்புச் செய்து தபாலை முற்றிலும் நிறுத்தியது. சர்க்கார் சட்டம் இயற்றி ஊழியர்களைத் திரும்ப அனுப்பிற்று. அச்சட்டம் அரசியல் சாசன உரிமைகளுக்கு விரோதமானது என்று 2016-ல் ஒண்டாரியோ நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இருந்தும் 2018-ல் மீண்டும் அதே போன்ற சட்டம். 2024-ல் பார்லிமெண்டைக் கூடக் கேட்காமல், தொழிற் சட்டத்தின் 107-வது பிரிவைக் கொண்டு மந்திரியின் உத்தரவு. இதன் விளைவு யாது? கடைசியில் சர்க்கார் வந்து கதவைத் தட்டும் என்று நிர்வாகத்துக்குத் தெரியும். தெரிந்தபின் மனமொப்பிப் பேரம் பேச அதற்கு என்ன அவசரம்? கட்டளையால் தபால் நகரலாம், மனக்கசப்பு நகராது. அது அடுத்த வருஷமே வட்டியுடன் திரும்பி வந்ததைக் கண்டோம்.

அப்படியானால் வழி என்ன? வேலைநிறுத்த உரிமையைப் பறிப்பது வழியன்று. உரிமையைப் பிரயோகிக்கும் அவசியம் ஏற்படாதபடி காலத்தில் காரியம் செய்வதே வழி. பழைய ஒப்பந்தம் முடியுமுன் புதிய ஒப்பந்தம் எழுதப்பட வேண்டும். முடியாவிட்டால், இருதரப்பாரும் சம்மதித்த மத்தியஸ்தர் ஒருவர் குறித்த கெடுவுக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும். கடிதம் குறைந்த காலத்தில் தபால்காரர் வேறு என்ன பொதுச் சேவை செய்யலாம் என்பதை, ஆட்குறைப்புப் பட்டியல் தயாரான பிறகல்லாமல், அதற்கு முன்பே சங்கத்துடன் கலந்து யோசிக்க வேண்டும். சங்கத்துக்கும் ஒரு கடமை உண்டு. 2024 வேலைநிறுத்தத்தின் நடுவிலும், முதியோர் பென்ஷன், குழந்தைகள் உதவித்தொகை முதலிய காசோலைகளைக் கொடுத்துவிடுவது என்று சங்கமும் நிர்வாகமும் ஒப்புக்கொண்டு அவ்வாறே செய்தன. அந்த நல்ல வழக்கத்தை மருந்துக்கும் கிராமத்துக்கும் விரிவாக்கினால், ஊழியர் யார் பக்கம் நிற்கிறார்கள் என்பதை ஜனங்கள் சொல்லாமலே அறிவர்.

கனடா தூரதேசம் என்று நாம் அலட்சியமாயிருப்பதற்கில்லை. 2018 மே 22 முதல் நம் நாட்டிலும் கிராமிய டாக் சேவகர்கள் சுமார் இரண்டு வாரம் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் ஊதியத்தைப் பற்றிக் கமலேஷ் சந்திரா கமிட்டி 2016 நவம்பரிலேயே அறிக்கை கொடுத்திருந்தது. மத்திய மந்திரி சபை அதை அங்கீகரித்தது 2018 ஜூன் 6-ந் தேதி, கிராமங்களில் தபால் நின்ற பிறகு. ஒன்றரை வருஷம் காகிதம் உறங்கியது யாருடைய குற்றம்? அந்த இரண்டு வாரமும் கடிதமும் மணியார்டரும் இன்றி இருந்த கிராமவாசி எந்தக் கமிட்டியின் அறிக்கையையும் தாமதப்படுத்தியவரல்ல.

தபால் என்பது நிர்வாகத்தின் சொத்துமல்ல, சங்கத்தின் சொத்துமல்ல. கடைக்கோடிக் கிராமத்துக்கும் தலைநகருக்கும் ஒரே கட்டணம் என்று ஒரு சமுதாயம் தனக்குத்தானே செய்துகொண்ட பிரதிக்ஞை அது. அந்தப் பிரதிக்ஞையை நம்புவோர் உள்ளவரையில்தான் தபால்காரருக்கு வேலையும், நிர்வாகிக்குப் பதவியும் உண்டு. நஷ்டப்பட்ட பணத்தைச் சர்க்கார் கடன் கொடுத்து ஈடு செய்யலாம். இழந்த நம்பிக்கைக்குக் கடன் கொடுப்பார் எவருமில்லை.