கணக்கு எழுதத் தெரியாத நிர்வாகிகள்

வியாபார நிர்வாகத்தில் முதுகலைப் பட்டம் பெற வரும் மாணவனுக்குக் கணக்கு எழுதக் கற்பிக்க வேண்டியதில்லை, பிறர் எழுதி முடித்ததைப் படித்து அர்த்தம் சொல்லக் கற்பித்தால் போதும் என்னும் அபிப்பிராயம், நம் கல்வி ஸ்தாபனங்களில் மறுப்பாரின்றி நிலைத்துவிட்டது. பற்றும் வரவும் குமாஸ்தாவின் வேலை, அதையும் இப்போது கம்ப்யூட்டர் செய்துவிடுகிறது, நாளை ஸ்தாபனத்தையே நடத்தப் போகிறவனுக்கு விகிதங்கள் தெரிந்தால் போதாதா என்கிறார்கள். போதாது. இந்த எண்ணம் மாணவனுக்கும் அவனை நம்பிப் பணம் போடுகிறவர்களுக்கும் இழைக்கப்படும் தீங்கு.

2009 ஜனவரி 7 ஆம் தேதி சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு கணக்கில் செய்த மோசடியை ஒப்புக்கொண்டு தம் இயக்குநர் குழுவுக்கு எழுதிய கடிதத்தை முன்வைத்து நிர்வாக தர்மத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள், அதிலுள்ள எண்களையும் மாணவர்முன் வைக்க வேண்டும். 2008 செப்டம்பரில் முடிந்த காலாண்டில், 2,112 கோடி ரூபாய் வருமானம் 2,700 கோடி என்றும், 61 கோடி ரூபாய் செயல்பாட்டு இலாபம் 649 கோடி என்றும் காட்டப்பட்டன. இரண்டிலும் வித்தியாசம் 588 கோடி. அந்தக் காலாண்டில் ரொக்க, வங்கி இருப்பில் பொய்யாக ஏறியதும் அதே 588 கோடி. வராத வருமானத்தை வரவு வைத்தவன் அதற்கு ஈடான பற்றை எங்கேனும் எழுதியே தீர வேண்டும். வாடிக்கையாளர் பாக்கி என்று எழுதினால் அது வசூலாகாமல் பெருத்துக் காட்டிக்கொடுக்கும். வங்கியில் கிடக்கிறது என்று எழுதினால் சில காலம் தப்பலாம். இப்படியே சேர்ந்து, ஏட்டில் இருந்த 5,361 கோடியில் 5,040 கோடி வெறும் எழுத்தாயிற்று.

விகிதங்களை மட்டும் கற்றவன் அந்த ஏட்டைப் பார்த்து, இவ்வளவு ரொக்கம் வைத்திருக்கும் கம்பெனி பத்திரமானது என்றே தீர்ப்புச் சொல்வான். தன் கையால் குறிப்பேடு எழுதி, பேரேட்டில் ஏற்றி, ஐந்தொகை கட்டிப் பழகியவனுக்கோ, இந்தப் பற்றுக்கு எதிரான வரவு எது, வங்கியின் சான்று எங்கே என்னும் கேள்வி சுபாவமாகவே எழும். அமெரிக்காவில் வேர்ல்ட்காம் கம்பெனி, பிறருடைய தொலைபேசித் தடங்களுக்குக் கொடுத்த அன்றாடக் கட்டணத்தைச் செலவாக எழுதாமல் சொத்தாக எழுதி இலாபம் காட்டியதை 2002 இல் வெளிக்கொணர்ந்தவர்கள், பதிவுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்ற சிந்தியா கூப்பரும் அவருடைய உள் தணிக்கைக் குழுவினருமே.

கணக்கு எழுதுவது குமாஸ்தாவின் வித்தை என்பதும் சரித்திரத்துக்கு விரோதமானது. 1494 இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி இரட்டைப் பதிவு முறையை அச்சில் விளக்கியது வியாபாரியை உத்தேசித்தே. நகரத்தார் பிள்ளைகளும் பெட்டியடியில் உட்கார்ந்து கணக்கு எழுதிப் பழகிய பிறகே கடை நடத்தும் பொறுப்புக்கு உயர்ந்தார்கள்.

ஆசிரியர்களே, முதல் பருவத்தின் ஆரம்ப வாரங்களில் கம்ப்யூட்டரை ஒதுக்கிவைத்து, ஒரு சிறிய மளிகைக் கடையின் ஒரு மாதக் கொடுக்கல் வாங்கலை மாணவர்கள் தாளில் எழுதி முடிக்கச் செய்யுங்கள். ஐந்தொகை பொருந்தாவிட்டால் விடையைச் சொல்லிவிடாதீர்கள். பிழையை அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.