பேர் போகாமல் பிரஷர் பார்க்க வேண்டும்



"நேற்றுக்கூட நல்லாத்தானே மலைக்குப் போனார்?" நம் லயங்களில் மரண வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. போன தவணையில் என் வகுப்பு மாணவன் ஒருவனின் அப்பா கவ்வாத்து மலையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். 45 வயதுதான். அவருக்குப் பிரஷர் இருந்தது அவருக்கே தெரியாது. ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை.

பிரஷர் பெரும்பாலும் வலிக்காது. சீனி வருத்தமும் அப்படித்தான். அளந்தால்தான் தெரியும். இதற்காகவே சுகாதார அமைச்சு 2011 முதல் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களை நடத்துகிறது. 35 வயதைத் தாண்டியவர்கள் பிரஷர், சீனி, நிறை எல்லாவற்றையும் அங்கே இலவசமாகப் பார்க்கலாம். ஆனால், நாம் மலையில் நிற்கும் பகல் நேரத்தில் அங்கே போனால் அன்றைய பேர் போய்விடும். இதைத் தொழிலாளியின் அலட்சியம் என்று சொல்வது நியாயமல்ல.

மக்கள் சேர்ந்து நின்றால் நிலைமை மாறும். பின்லாந்து நாட்டின் வடக்கு கரேலியாவில், மரம் வெட்டுவோரும் சிறு விவசாயிகளும் வாழும் ஏழைப் பகுதியில், நடுவயது ஆண்கள் மாரடைப்பால் மடிந்துகொண்டிருந்தார்கள். 1971ல் அந்த மக்களே அரசாங்கத்துக்கு மனுக் கொடுத்தார்கள். 1972ல் வேலை தொடங்கியது. மாதர் சங்கங்கள் ஊர் ஊராகக் கூடி, கொழுப்பைக் குறைத்து மரக்கறியைக் கூட்டிச் சமைத்துக் காட்டின. சுமார் 40 ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இதயநோய் மரணம் 80 வீதத்துக்கு மேல் குறைந்தது.

வட்டவளையில் நாம் கேட்பது இதுதான்: மாதம் ஒருநாள் பிரட்டுக்களத்திலேயே பிரஷரும் சீனியும் பார்க்கப்பட வேண்டும். அந்த நேரத்துக்காக எவருடைய பேரும் வெட்டப்படக் கூடாது. தோட்டக் கமிட்டிகள் இந்தக் கோரிக்கைக்குக் கையெழுத்துச் சேர்க்க வேண்டும்.

வீட்டு வேலையை மாதர் தலைவிகள் தொடங்கலாம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம். அது ஒரு தேக்கரண்டி அளவு. ரொட்டியில், சம்பலில், கருவாட்டில் எவ்வளவு சேர்கிறது என்று கணக்குப் பாருங்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்கள். வெற்றிலையோடு புகையிலை வேண்டாம். சுகமாகிவிட்டது என்று நினைத்துப் பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

நெஞ்சில் பாரம், கைக்கு இறங்கும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால், வாயு என்று இஞ்சித் தண்ணி குடித்துக் காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள். அம்புலன்சுக்குக் காசு இல்லை.

சம்பளத்துக்காகப் போராடும் நாம், அதை வாங்கிப் பிள்ளைகளை வளர்க்க உயிரோடு இருப்பதற்காகவும் போராட வேண்டும்.