நாலு கிண்ணம்தானே!

“மலைக்குப் போறியா, மதுக்கடைக்குப் போறியா? ரெண்டுல ஒண்ண சொல்லு.”

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு, பசியாறக்கூட உட்காராமல் நான் கிளம்பியபோது அம்மா கேட்ட கேள்வி இது. பொய் சொல்ல முடியவில்லை. இரண்டுக்கும்தான் போய்க்கொண்டிருந்தேன்.

வானொலி நிலையத் தோழி ஒருத்திக்கு அடுத்த மாதம் கல்யாணம். “கல்யாணத்துக்கு முன்னாடி எங்கயாவது போவோம்லா” என்று ஆரம்பித்த பேச்சு, ஆறு பேர் கொண்ட வாட்ஸ்அப் குழுவாகி, கடைசியில் கூனோங் பூலாய் பக்கம் வந்து நின்றது. காலையில் வழிகாட்டியோடு நான்கு சக்கர ஏடிவி மோட்டாரில் மலையடிவாரக் காட்டுப்பாதைச் சவாரி. மாலையில் கூலாயில் ஒரு பண்ணை வீட்டில் காய்ச்சி வடித்த மதுவகைகளைச் சுவைத்துப் பார்க்கும் நிகழ்வு. ஸ்கூடாயிலிருந்து நான்தான் காடி ஓட்டினேன். திரும்பி வரும்போதும் நானே ஓட்டுவதாக ஏற்பாடு. அதை அப்போது யாரும் யோசிக்கவே இல்லை. நானும்தான்.

வழிகாட்டி அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தலைக்கவசத்தைக் கையில் கொடுக்கும் முன்பே பாடம் ஆரம்பித்துவிட்டது.

“இது பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். இருநூறு, முந்நூறு கிலோ வெயிட்டு. சாயற மாதிரி இருந்தா கால ஊனித் தாங்கிடலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஊனின காலு மேலயே சக்கரம் ஏறும்.”

ஏடிவியில் முடுக்கி, கட்டைவிரலுக்கடியில் ஒரு சின்ன நெம்புகோல். அழுத்தினால் ஓடும், விட்டால் வேகம் குறையும். மேடு ஏறும்போது உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். இறங்கும்போது பின்னால் தள்ளி உட்கார்ந்து, குறைந்த கியரில் இன்ஜினே வேகத்தைப் பிடித்துக்கொள்ளும்படி விட வேண்டும். ஈரச் செம்மண் சரிவில் பிரேக்கை இறுக்கினால் சக்கரம் நின்றுவிடும், வண்டி நிற்காது. இதைக் காது கொடுத்துக் கேட்காத தோழி ஒருத்தி, முதல் சரிவிலேயே செம்பனைக் கன்றுக்குப் பக்கத்தில் இருந்த கால்வாயை நலம் விசாரித்துவிட்டு வந்தாள். அடி எதுவும் இல்லை. முகம்தான் சேற்றில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

செம்பனைக் காட்டைத் தாண்டினால் பழைய பால்மரங்கள் கொஞ்சம், அதற்கப்புறம் காடு. பூலாய் மலையின் உயரம் 654 மீட்டர். லேடாங் மலை 1,276 மீட்டர் என்பதால் அதற்கு முன்னால் இது தம்பிதான். ஆனால் இதன் அடிவார நீர்த்தேக்கத்திலிருந்துதான் ஒரு காலத்தில் சிங்கப்பூருக்கே தண்ணீர் போனது. 2011-இல் அந்தப் பழைய ஒப்பந்தம் முடிந்த பிறகுதான் அங்கிருந்த நீர் நிலையம் ஜோகூரின் கைக்குத் திரும்பியது.

பதினொரு மணிக்கு ஓர் ஓடைக்கரைக்கு வந்து சேர்ந்தோம். அதைத் தாண்டினால் இன்னும் நாற்பது நிமிடப் பாதை, கடைசியில் ஒரு சின்ன அருவி. விளம்பரப் படத்தில் பார்த்து நாங்கள் மயங்கியது அந்த அருவியைத்தான். எங்கள் தலைக்கு மேல் வெயில். மலை உச்சியில் மட்டும் கருமேகம். அண்ணன் வண்டியை நிறுத்தி, இறங்கிப் போய்த் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“திரும்பலாம்.”

“என்ன அண்ணே, முழங்கால் தண்ணிதானே!”

“இப்ப முழங்காலு. நிறம் மாறுது பாருங்க. மேல மழை பிடிச்சிருச்சு.”

எங்கள் முகங்கள் தொங்கியதைப் பார்த்து அவர் ஒரு பழைய சம்பவத்தைச் சொன்னார். 2001 டிசம்பர் 27. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் புயல் வராது என்று எல்லாரும் நினைத்திருந்த காலத்தில், ‘வாமெய்’ என்ற புயல் ஜோகூரில் கரையேறியது. நிலநடுக்கோட்டிலிருந்து அது ஏறக்குறைய ஒன்றரைப் பாகை தூரம்தான். கொட்டித் தீர்த்த மழையில் இதே பூலாய் மலைச்சரிவு சரிந்தது. மண்ணும் மரமும் பாறையும் வீடுகள் மேல் இறங்கியதில் ஐந்து பேர் இறந்தார்கள்.

“இந்த மலைல தண்ணி எப்ப வரும்னு யாரும் சொல்ல முடியாது. நம்ம கையில இருக்கறது ஒண்ணுதான். தாண்டலாமா, திரும்பலாமா?”

திரும்பினோம். காசு கொடுத்தும் அருவியைப் பார்க்க முடியவில்லையே என்று நான்தான் வழி நெடுக அதிகமாக முணுமுணுத்தேன். பாதி வழியில் மழை எங்களையும் பிடித்துக்கொண்டது.

மாலை நான்கரை மணி. குளித்து, உடை மாற்றி, பண்ணை வீட்டின் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். இருபத்தொரு வயதுக்கு மேற்பட்ட, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு மட்டும் என்று அழைப்பிலேயே போட்டிருந்தார்கள். ஆளுக்கு ஆறு சின்னக் கிண்ணம், ஒவ்வொன்றிலும் இருபது மில்லி. நடுவில் ஒரு படிக்கம். சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் விழுங்க மாட்டார்களாம், வாயில் சுழற்றிவிட்டுத் துப்பிவிடுவார்களாம். அந்தப் படிக்கம் கடைசி வரை காய்ந்தே இருந்தது.

நடத்தியவர் நன்றாகப் பேசினார். முதலில் மோந்து பார்க்க வேண்டும், அப்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொண்டால் காரம் மூக்கைக் குத்தாது. பிறகு ஒரு துளி நாக்கில். அப்புறம் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் வாசனை இன்னும் விரியும். ஸ்காட்லாந்து விஸ்கியை ஓக் மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டு வைத்தாக வேண்டும் என்பது அங்கே சட்டம். பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய இரண்டு விழுக்காடு காற்றோடு போய்விடுமாம், அதற்குத் ‘தேவதைகளின் பங்கு’ என்று பெயர். நம்ம ஊர் மாதிரி வெயில் அடிக்கிற இடங்களில் தேவதைகளுக்குப் பசி பல மடங்கு அதிகம். பெங்களூரின் ‘அம்ருத்’ விஸ்கி 2004-இல் கிளாஸ்கோ நகரத்திலேயே அறிமுகமாகி, பிறகு உலகமே திரும்பிப் பார்த்த கதையையும் சொன்னார்.

ஜின்னும் ரம்மும் எனக்கு ஒத்துவரவில்லை, பக்கத்தில் இருந்தவளிடம் தள்ளிவிட்டேன். மற்ற நான்கையும் முடித்தேன்.

ஆறாவது கிண்ணம் இலங்கைத் தென்னஞ்சாராயம். தென்னம்பாளையைச் சீவி இறக்கும் பதநீர் சில மணி நேரத்தில் தானாகவே புளித்துக் கள்ளாகும். அதைச் சீக்கிரமாகக் காய்ச்சி வடித்தால் சாராயம், விட்டுவிட்டால் காடி. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் ‘அரக்’ என்ற பெயர், வியர்வையைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. வடிகலனில் முத்து முத்தாகத் துளிர்ப்பதால் அந்தப் பெயர்.

கிண்ணத்தை மூக்குக்குக் கொண்டு போனேன். ஒரு நொடியில் ஆறு வயசுப் பிள்ளையாகிவிட்டேன். அது என் தாத்தாவின் பனியன் வாசனை.

தாத்தா ரெங்கம் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். தோட்டத்துக்குள்ளேயே கோயில் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது, கள்ளுக்கடையும் இருந்தது. சம்பளம் போட்ட நாளில் காசு கிராணி கையிலிருந்து தாத்தா கைக்கு வந்து, அங்கிருந்து கள்ளுக்கடைக்குப் போய்விடும். மொத்தமும் போவதற்குள் மிச்சத்தைப் பிடிக்க, பாட்டி பெரிய மகளை அனுப்புவார். அந்த மகள்தான் என் அம்மா. ஒன்பது வயதில் அப்பா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லயத்துக்கு நடந்திருக்கிறார்.

நம் வரலாற்றில் இது ஒரு வீட்டுக் கதை மட்டுமல்ல. 1947-இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் தோட்டத்துக் கள்ளுக்கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். ஏ.எம்.சாமி தலைமையில், பீடோங் வட்டாரத்தில் மறியல் நடந்து, போலீஸ் அடித்து, தொழிலாளி ஒருவர் உயிர்விட்ட போராட்டம் அது. கள்ளுக்கடை வாசலைத் தாண்டித்தான் நம் ஆட்கள் வீட்டுக்குப் போக முடிந்தது என்பதுதான் அவர்களுடைய கோபம். பிறகு கள்ளின் இடத்தில் மலிவு விலைச் சம்சு வந்து உட்கார்ந்தது வேறு கதை.

தாத்தாவுக்கு ஒரு சைக்கிள் இருந்தது. ஒரு சம்பள நாள் இரவு, அம்மா இழுத்தும் கேட்காமல், ஐந்து வயதுச் சின்ன மகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிவிட்டார். “ரெண்டு மங்குதானே குடிச்சேன், சைக்கிள்தானே” என்றாராம். லயத்துக்கு முன்னால் இருந்த கால்வாயில் சைக்கிள் இறங்கிவிட்டது. தாத்தாவுக்குச் சிராய்ப்புகூட இல்லை. என் சின்னம்மாவின் இடது கை இன்றைக்கும் முழுசாக நீளாது.

இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ஆறரை மணிக்குக் கைப்பையிலிருந்து காடிச் சாவியை எடுத்தேன்.

மேசை ஓரத்தில் தே ஓ ஐஸோடு உட்கார்ந்திருந்த வழிகாட்டி அண்ணன் கேட்டார். “தங்கச்சி, யாரு ஓட்டறது?”

“நான்தான் அண்ணே. நாலு கிண்ணம்தானே, அதுவும் இத்தனூண்டு.”

அவர் எதுவும் சொல்லவில்லை. கைப்பேசியில் கணக்குப் பொறியைத் திறந்து என்னிடம் நீட்டினார். “போட்டுப் பாருங்க. என்கூட வர்றவங்க எல்லாரையும் போடச் சொல்வேன்.”

போட்டேன். இருபது மில்லி நாலு தரம், எண்பது மில்லி. அதில் நாற்பது விழுக்காடு சுத்த ஆல்கஹால், முப்பத்திரண்டு மில்லி. எடையில் ஏறக்குறைய 25 கிராம். என் எடை 58 கிலோ. பெண்கள் உடலில் நீரின் பங்கு குறைவு, அதனால் அதே அளவு மது எங்கள் இரத்தத்தில் கூடுதலாக ஏறும். கணக்கு 100 மில்லி இரத்தத்தில் 80 மில்லிகிராம் வரை காட்டியது. உடம்பு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் குறைக்கும். இரண்டு மணி நேரத்துக்குக் கழித்தாலும் 50 பக்கத்தில் நிற்கிறது. கடைசிக் கிண்ணம் இரத்தத்தில் முழுசாக ஏறக்கூட இல்லை. காப்பி குடித்தாலும் குளித்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

2020 அக்டோபர் மாதத்திலிருந்து நம் நாட்டுச் சட்ட வரம்பு அந்த 50 தான். அதற்கு முன்பு 80 ஆக இருந்தது. முதல் தடவை பிடிபட்டாலே 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. போதையில் ஓட்டி ஓர் உயிர் போனால் பத்திலிருந்து பதினைந்து ஆண்டு சிறை.

இந்த எண்களை நான் எங்கோ படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என் வாயால் காற்றலையில் சொல்பவள் நான். ‘மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டாதீர்கள்’ என்று குரலை ஒரு படி இறக்கிச் சொல்லத் தெரியும். அதை எனக்கே சொல்லிக்கொள்ளத்தான் தெரியவில்லை.

சாவியை அண்ணன் மேசையில் வைத்தேன். காடி அன்றிரவு பண்ணை வீட்டிலேயே நின்றது. கிராப் இரண்டு வண்டி வரவழைத்தோம். மழையில் கட்டணம் ஏறியிருந்தது, மறுநாள் காடியை எடுக்க இன்னொரு தடவை போக வேண்டியிருந்தது. காலையில் அருவி போனதற்கு முணுமுணுத்த அதே வாய், இந்தச் செலவுக்கும் கொஞ்சம் முணுமுணுத்தது.

குடிக்காதீர்கள் என்று இந்தப் பத்தியில் யாருக்கும் நான் உபதேசம் செய்யவில்லை. குடிக்காதவர்கள் குடிக்காமலேயே இருங்கள், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இப்படி ஒரு நிகழ்வுக்குப் போவதென்றால், யார் குடிக்காமல் ஓட்டுவது என்பதை வாட்ஸ்அப் குழுவில் முதல் நாளே எழுதிவிடுங்கள். ஆள் கிடைக்காவிட்டால், நுழைவுச் சீட்டின் விலையோடு திரும்பி வரும் கட்டணத்தையும் சேர்த்தே பணம் வசூல் செய்யுங்கள். கிண்ணம் காலியான பிறகு எடுக்கும் முடிவில் எப்போதும் ஒரு ‘தானே’ வந்து ஒட்டிக்கொள்கிறது.

இரவு ஒன்பதரைக்கு வீட்டு வாசலில் இறங்கினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

“காடி எங்க?”

“கூலாய்லயே விட்டுட்டேம்மா. குடிச்சிருந்தேன்.”

திட்டு விழும் என்று காத்திருந்தேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கதவை அகலமாகத் திறந்துவிட்டார். “சோறு இருக்கு. கை கழுவிட்டு வா. சின்னம்மா போன் பண்ணுச்சு, நீ வந்துட்டியான்னு ரெண்டு தடவ கேட்டுச்சு. முதல்ல அதுக்கு ஒரு போன் போடு.”